சோலைக்கிளி எத்தனை வகை? பள்ளத்தாக்குகளும் மரபணுவும் சொன்ன பதில்

கொடைக்கானலில் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் சோலைக்காட்டு ஓரமாகக் கொஞ்சம் அசையாமல் நின்றால், புதருக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று இழுத்து இழுத்துக் கேட்கும். கேட்பது சுலபம், பாடுகிற பறவையைப் பார்ப்பதுதான் கஷ்டம். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். கருநீல முதுகு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கீற்று. தரையை ஒட்டியே நடமாடும், சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். கேரளத்தில் இதைச் சந்தியாக்கிளி என்பார்கள். விடியலிலும் அந்தியிலும் அதிகம் தென்படுவதால் வந்த பெயர்.

இதே அளவில், இதே பழக்கத்தோடு, நீலகிரிச் சோலைகளிலும் ஒரு பறவை உண்டு. அதற்கு மட்டும் விலாவில் செம்பழுப்பு படர்ந்திருக்கும். தெற்கே அகத்தியமலைப் பக்கம் போனால் மறுபடியும் வெள்ளை வயிற்றுப் பறவை. கொடைக்கானல் பறவையையும் அகத்தியமலைப் பறவையையும் ஒரே நாளில் பார்த்தாலும் நம்மில் பெரும்பாலோர் ஒரே பெயரைத்தான் குறிப்பேட்டில் எழுதுவோம்.

சோலைக்கிளி என்று இன்று நாம் சொல்லும் இந்தப் பறவைகள் ஒரே இனமா, இரண்டா, மூன்றா? யாருடைய உறவுக்காரர்கள்? இந்தக் கேள்விக்கான பதில் சுமார் 170 ஆண்டுகளில் பல தடவை மாறியிருக்கிறது. கடைசியாக மாறியது 2017-ல். அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பறவைகளை மரபணு கொண்டு பிரித்தறிவது எப்படி என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே இருக்கிற மிக நல்ல உதாரணம் இது.

மலை உச்சியில் ஒரு தீவு

முதலில் இடம். சோலை என்று இங்கே நான் சொல்வது பூஞ்சோலையை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 1,400 மீட்டருக்கு மேலே, மடிப்பு மடிப்பான பள்ளங்களில் குட்டையாக, நெருக்கமாக, பாசி படிந்து நிற்கும் காடு. அதைச் சுற்றிப் புல்வெளி. இந்தக் காடும் புல்வெளியும் சேர்ந்தவைதான் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, அகத்தியமலை உச்சிகளின் இயற்கையான முகம். சோலைக்காட்டை நம்பி வாழும் பறவை கீழே இறங்காது. கீழே சூடு, வேறு மரம், வேறு பூச்சி. அதனால் ஒவ்வொரு மலை உச்சியும் அதற்கு ஒரு தீவு. நடுவில் கடல் இல்லை, சமவெளி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இவற்றை வானத்துத் தீவுகள் என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள்.

இந்தத் தீவுகளுக்கு நடுவே பெரிய உடைப்புகள் இரண்டு. வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையில் பாலக்காட்டுக் கணவாய், சுமார் 40 கிலோமீட்டர் அகலம். ஆடி மாதம் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆளைத் தள்ளுகிற காற்று இதன் வழியாகத்தான் வருகிறது. அப்புறம் இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாய். இது ஒடுக்கமானது, கொல்லம் ரயில் ஆரியங்காவு வழியே இதைத்தான் கடக்கிறது. செங்கோட்டைக்குத் தெற்கே நிற்பவை அகத்தியமலையும் அசம்பு மலையும்.

இந்த இரண்டு கணவாய்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இவற்றைச் சுற்றித்தான்.

பெயர் மாறி மாறி அலைந்த பறவை

நீலகிரிப் பறவையை முதலில் விவரித்தவர் தாமஸ் ஜெர்டன். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர், தென்னிந்தியப் பறவைகளை நிறையத் தொகுத்தவர். 1840களில் அவர் இதை ரெட்ஸ்டார்ட் என்ற செவ்வால் பறவைகளோடு சேர்த்து ஃபீனிக்யூரா மேஜர் என்று பெயர் வைத்தார். 1860களின் கடைசியில் வில்லியம் பிளான்ஃபோர்டு, பழனிமலையின் வெள்ளை வயிற்றுப் பறவையைத் தனி இனமாக எழுதினார். அப்போதே பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் குழு, வேறாகிவிட்டது. பின்னாளில் இரண்டையும் ஷார்ட்விங் என்னும் குட்டை இறக்கைப் பறவைகளின் பேரினமான பிராக்கிப்டெரிக்ஸில் கொண்டுபோய் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு கிளையினங்கள் என்றுதான் நம் கையேடுகள் சொல்லின. 2005-ல் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் மறுபடி இரண்டாகப் பிரித்து, மயோமேலா என்ற இன்னொரு பேரினத்துக்கு மாற்றினார்.

இப்படி அலைந்ததற்கு யாருடைய கவனக்குறைவும் காரணமல்ல. அவர்கள் கையில் இருந்தவை பதம் செய்யப்பட்ட தோல்களும் அளவுகோலும்தான். கால் நீளம், இறக்கையின் உருண்டை வடிவம், தரையில் நடமாடும் பழக்கம், நீல நிறம். இவற்றை வைத்து உறவு சொன்னார்கள். சிக்கல் என்னவென்றால், அடர்ந்த புதருக்குள் தரையோரம் வாழும் பறவை எதுவானாலும் நாளடைவில் அதற்குக் குட்டையான, உருண்டையான இறக்கையும் நீண்ட காலும் வாய்க்கலாம். ஒரே மாதிரி பிழைப்பு, ஒரே மாதிரி உடம்பு. அதை உறவு என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். மறுபக்கம், வெள்ளை வயிறு என்ற ஒற்றை அடையாளத்தால் கொடைக்கானல் பறவையும் அகத்தியமலைப் பறவையும் ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஒரே பெயருக்குள் கிடந்தன.

ஒரு சொட்டு ரத்தம்

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் ஆய்வகத்தோடு சேர்ந்து வி. வி. ராபின் இந்தப் பறவைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார். இவர் பின்னர் திருப்பதியில் உள்ள ஐசர் என்னும் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்துக்குப் போனவர். வேலையின் முதல் பாதி காட்டில்தான் நடக்கிறது. வனத்துறை அனுமதி வாங்கி, விடியற்காலையில் மெல்லிய இழை வலையைப் புதருக்கு இடையில் கட்டுவார்கள். பறவை அதில் விழுந்ததும் சீக்கிரம் எடுத்து, அளந்து, காலில் வளையம் போட்டு, இறக்கையின் அடியில் ஓடும் ரத்தக்குழாயிலிருந்து துளி ரத்தம் எடுத்து விட்டுவிடுவார்கள்.

ஒரு துளி எப்படிப் போதும் என்று தோன்றலாம். நம் ரத்தத்தின் சிவப்பணுக்களில் உட்கரு கிடையாது. பறவைகளின் சிவப்பணுக்களில் உண்டு. உட்கரு இருந்தால் டிஎன்ஏ இருக்கும். அதனால் பறவையின் ஒரு சொட்டு ரத்தமே ஆய்வகத்துக்கு அள்ள அள்ளக் குறையாத பொருள். பறவையைக் கொல்லாமலே அதன் வம்சாவளியைப் படிக்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஜெர்டன் காலத்தில் ஒரு பறவையை ‘அறிந்துகொள்ள’ அதைச் சுட்டாக வேண்டும்.

ஆய்வகத்தில் இரண்டு வகை டிஎன்ஏவைப் படிப்பார்கள். ஒன்று, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சின்ன உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது. இது தாயிடமிருந்து மட்டும் வருவது, தகப்பனோடு கலக்காது, வேகமாகவும் மாறும். பறவைகளில் இதன் குறிப்பிட்ட ஒரு மரபணு, பிரிந்துபோன இரு வம்சங்களுக்கு இடையில் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சுமார் 2 சதவீதம் என்ற கணக்கில் வேறுபட்டுக்கொண்டே போகும் என்று ஒரு சராசரிக் கணக்கு இருக்கிறது. துல்லியமான கடிகாரம் அல்ல. ஆனால் காலையா மாலையா என்று சொல்லிவிடும். இன்னொன்று உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ. இது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து ஒவ்வொரு தலைமுறையிலும் கலைந்து சேர்வது, மெதுவாக மாறுவது.

மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன? நிறையப் பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள், பிறகு மாட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். அது தாய்வழிக் கதை மட்டுமே. ஆண் பறவைகள் மலை விட்டு மலை போய்க் கலந்திருந்தால் அது அதில் தெரியவே தெரியாது. இன்னொரு பொறியும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் சில எப்போதோ உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். பறவை ரத்தத்தில் உட்கரு டிஎன்ஏ மிக அதிகம் என்பதால், ஆய்வகத்தில் உண்மையான மரபணுவுக்குப் பதில் இந்தப் பழைய நகல் படியெடுக்கப்பட்டுவிடலாம். அது வேலை செய்யாத நகல் என்பதால் நடுவிலேயே வாசிப்பை நிறுத்தச் சொல்லும் அபத்தமான குறியீடுகள் வரும். அனுபவம் உள்ளவர்கள் வரிசையைப் படித்ததும் முதலில் தேடுவது அதைத்தான். சரி, இதனால்தான் பல மரபணுக்களை, இரு வகையிலிருந்தும் எடுத்து, அவை எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கணவாய்கள் போட்ட கோடு

2010-ல் ராபின், அனிந்தியா சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் மூவரும் சோலைக்கிளிகளின் மரபணுவை மலை மலையாக ஒப்பிட்டு வெளியிட்டார்கள். பறவைகள் மரபணு அடிப்படையில் கூட்டம் கூட்டமாகப் பிரிந்தன. அந்தப் பிரிவுகளின் எல்லை வெட்டவெளியில் எங்கோ விழவில்லை. பாலக்காட்டுக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் வந்து விழுந்தது. செங்கோட்டையில், நிறத்தைப் பார்த்து யாரும் போடாத கோட்டை நிலம் போட்டிருந்தது.

ஒரே ஒரு பறவையிடம் இப்படித் தெரிந்தால் தற்செயல் என்று சொல்லிவிடலாம். அதனால் அடுத்து மலைப்பறவைச் சமூகம் முழுவதையுமே எடுத்துக்கொண்டார்கள். 2015-ல் வந்த அந்த ஆய்வில் ஒன்பது இடங்கள், 23 இனங்கள், 356 பறவைகள். 23-ல் 10 இனங்களில் மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயில்தான் இருந்தது. அந்தப் பத்தில் சில, அதைவிடக் குறுகிய, ஆழம் குறைந்த பள்ளத்தாக்குகளிலும் பின்னாளில் பிரிந்திருந்தன. பெரிய பள்ளம் முதலில், சின்னப் பள்ளம் பிறகு. ஆனால் எல்லாப் பறவைகளும் ஒரே நேரத்தில் பிரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம். குளிரும் வெப்பமும் மாறி மாறி வந்த ஊழிகளில் சோலை கீழே இறங்கியும் மேலே சுருங்கியும் ஆடியிருக்கிறது. ஒவ்வொரு பறவையும் அதன் பறக்கும் திறனுக்கும் பிடிவாதத்துக்கும் ஏற்பக் கடந்திருக்கிறது, அல்லது நின்றிருக்கிறது. மீதி 13 இனங்களில் பாலக்காட்டில் அப்படிப்பட்ட பழைய பிரிவு எதுவும் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கணவாய் இருந்தாலே புது இனம் என்று நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் 2017 ஜனவரி. பி.எம்.சி. எவல்யூஷனரி பயாலஜி இதழில் ராபினோடு சி. கே. விஷ்ணுதாஸ், பூஜா குப்தா, ஃபிராங்க் ரைன்ட், டேனியல் ஹூப்பர், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. இந்த முறை கேள்வி பெரிது: இந்தப் பறவைகள் உலகப் பறவை மரத்தில் எந்தக் கிளை?

பதில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. இவை ரெட்ஸ்டார்ட்டும் அல்ல, ஷார்ட்விங்கும் அல்ல, மயோமேலாவும் அல்ல. நில்டாவா, சையோர்னிஸ், யூமையஸ் என்ற ஈப்பிடிப்பான் கூட்டத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கிளைத்து நிற்பவை. இந்த யூமையஸில் ஒன்றுதான் நீலகிரி ஈப்பிடிப்பான். அதே சோலையில், சோலைக்கிளியின் தலைக்கு மேலேயே, கிளை நுனியில் உட்கார்ந்து பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும் நீலப் பறவை. உறவினரை ஆசியாவெங்கும் தேடினோம், மாடியிலேயே குடியிருந்திருக்கிறார்.

தனிக்கிளை என்றால் தனிப் பேரினம் வேண்டும். அவர்கள் வைத்த பெயர் ஷோலிகோலா. சோலையில் வாழ்வது என்று பொருள். லத்தீன் ஒட்டோடு சேர்ந்து நம் சோலை இப்போது உலக அறிவியல் பெயர்ப் பட்டியலில் நிற்கிறது. அந்தப் பெயரை முதல் தடவை படித்தபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. அதைவிட அழகு, பல ஆங்கிலப் பட்டியல்களும் இதைச் சோலைக்கிளி என்றே எழுதத் தொடங்கியிருப்பது. தமிழில் கிளி என்றால் பச்சைக்கிளிதான் கண்ணில் வரும். மலையாளத்தில் சின்னப் பறவை எதுவும் கிளிதான். அந்தப் பொருளில்தான் இந்தப் பெயர்.

பேரினத்துக்குள் மூன்று: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி, இரண்டு கணவாய்களுக்கும் நடுவே வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி, செங்கோட்டைக்குத் தெற்கே அசம்புச் சோலைக்கிளி. மூன்றாவதுக்குத்தான் புதிதாக அஷாம்புயென்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள். மரபணுவோடு உடல் அளவுகள், இறகு நிறம், பாட்டு எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துத்தான் இந்தப் பிரிவைச் செய்தார்கள்.

நெஞ்சா, தாடையா: சிரிப்பான் விவகாரம்

அதே கட்டுரையில் இன்னொரு கூட்டமும் உண்டு. எனக்கு இதுதான் இன்னும் நல்ல பாடம். நீலகிரியில் சிரிப்பான் என்றும் கேரளத்தில் சிலப்பன் என்றும் சொல்கிற பறவைகள். கூச்சல் போட்டுக்கொண்டே கூட்டமாகத் திரியும்.

இவற்றில் நான்கு வடிவங்கள். நீலகிரிப் பறவைக்கு நெஞ்சு செம்பழுப்பு. வயநாட்டின் பாணாசுர மலைப் பக்கம் உள்ளது, பழனி ஆனைமலையில் உள்ளது, அசம்பு மலையில் உள்ளது ஆகிய மூன்றுக்கும் நெஞ்சு சாம்பல். சாதாரணக் கண்ணுக்குக் கணக்கு நேராக இருக்கிறது: செம்பழுப்பு ஒரு இனம், சாம்பல் மூன்றும் இன்னொரு இனம். நீண்ட காலம் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

ஆனால் தாடையைப் பாருங்கள். நீலகிரிப் பறவைக்கும் பாணாசுரப் பறவைக்கும் தாடை கறுப்பு. தெற்கே உள்ள இரண்டுக்கும் அப்படி இல்லை. நெஞ்சை நம்புவதா, தாடையை நம்புவதா? ராஸ்முசென் 2005-லேயே தாடை பக்கம் சாய்ந்தார், கறுப்புத் தாடைப் பறவைகளை ஒன்றாகவும் தெற்குப் பறவைகளை இன்னொன்றாகவும் வைத்தார். தோலை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு மேல் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

மரபணு தாடை பக்கம்தான் சாய்ந்தது. பாணாசுரப் பறவைக்கு மிக நெருங்கியது நீலகிரிப் பறவை. இரண்டும் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே. பழனிப் பறவையும் அசம்புப் பறவையும் ஒரு ஜோடி, இரண்டும் கணவாய்க்குத் தெற்கே. வடக்கில் ஒரு மலையில் மட்டும் நெஞ்சு சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். நான்குக்கும் சேர்த்து மான்டெசிங்ளா என்று புதுப் பேரினம் கொடுத்து, நான்கையும் தனித்தனி இனங்களாக வைத்தார்கள்.

இரண்டு பேரினங்களும் தத்தம் உறவினரிடமிருந்து விலகியது மயோசீன் காலத்தில். அந்தக் காலம் முடிந்தே 53 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. எங்கிருந்தோ போன வாரம் பறந்து வந்து தங்கிவிட்ட பறவைகள் அல்ல இவை. இங்கேயே பிறந்து, இங்கேயே கிளைத்தவை.

எவ்வளவு வேறுபட்டால் தனி இனம்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மரபணு வேறுபட்டிருக்கிறது, சரி. அதற்காகத் தனி இனம் என்று சொல்லிவிடலாமா?

இரண்டு பறவைக் கூட்டங்கள் ஒரே காட்டில் சந்தித்தும் ஜோடி சேராவிட்டால் அவை தனி இனம் என்பது பழைய, உறுதியான அளவுகோல். வானத்துத் தீவுப் பறவைகளிடம் அது பயன்படாது. கொடைக்கானல் சோலைக்கிளியும் அசம்புச் சோலைக்கிளியும் சந்திப்பதே இல்லை. சந்தித்தால் என்ன செய்யும் என்பதை நாம் ஊகிக்க மட்டுமே முடியும். அதனால் மரபணு வேறுபாட்டின் அளவு, பிரிந்த காலம், பாட்டு, உருவம் எல்லாவற்றையும் தட்டில் வைத்து ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷோலிகோலா என்ற பேரினம் பரவலாக ஏற்கப்பட்டது. அசம்புச் சோலைக்கிளி தனி இனம் என்பதை எல்லா உலகப் பட்டியல்களும் உடனே எடுத்துக்கொள்ளவில்லை, வெள்ளை வயிற்றுப் பறவையின் கிளையினமாக வைத்த பட்டியலும் உண்டு. நான் ஆய்வாளர்கள் பக்கம்தான். செங்கோட்டைப் பிரிவு மரபணுவில் மட்டும் தெரிந்திருந்தால் தயங்கியிருப்பேன். மற்ற மலைப்பறவைகளின் கதையும் அதே கணவாயைச் சுட்டும்போது தயங்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

பாட்டைப் பற்றித் தனியாக ஒன்று. சோலைக்கிளி மலைக்கு மலை வேறு மாதிரி பாடும். பழைய கணவாய்களால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு, அண்மையில் மனிதர் காடு வெட்டியதால் பிரிந்த கூட்டங்களின் பாட்டைவிட அதிகம் வேறுபட்டிருப்பதாக ஒலிப்பதிவு ஆய்வு காட்டியிருக்கிறது. நமக்கு ஒன்றுபோலக் கேட்கும் விசிலுக்குள் லட்சக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன.

எண்ணிக்கை மாறினால் என்ன ஆகும்

‘சாம்பல் நெஞ்சுச் சிரிப்பான்’ என்று ஒரே இனமாக இருந்தவரை வயநாட்டிலிருந்து அசம்பு வரை பரவிய பறவை அது. பெயரைப் பிரித்ததும் பாணாசுரச் சிரிப்பானுக்குச் சொந்தமாக மிஞ்சியது வயநாட்டைச் சுற்றிய சில உயர்ந்த மலை முகடுகள் மட்டும். அது இன்று உலகச் செம்பட்டியலில் அழியும் நிலையில் உள்ள இனம். பறவைகளின் எண்ணிக்கை ஒரே நாளில் குறையவில்லை. நாம் அதுவரை தவறாக எண்ணிக்கொண்டிருந்தோம். தெற்கே ஆயிரம் பறவை இருக்கிறது என்று நம்பி வடக்கே ஒரு முகட்டை விட்டுவிட்டால், போவது அந்த இனத்தின் ஒரு மூலை அல்ல, இனமே.

சோலையைச் சுற்றியிருந்த புல்வெளியில் தேயிலையும் தைல மரமும் வாட்டிலும் பைனும் வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. சோலைத் துண்டுகளுக்கு நடுவே இருந்த உறவு அறுபடுவதையும் மரபணு காட்டியிருக்கிறது. 2015-ல் ராபின் குழுவே வெளியிட்ட இன்னொரு ஆய்வு, சோலைக்கிளி, சிரிப்பான் இரண்டும் இந்த அண்மைக்காலத் துண்டாடலால் பாதிக்கப்பட்டிருப்பதைச் சொன்னது. கணவாய் பிரிக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இந்தப் பிரிவினை சில தலைமுறைகளில் நடக்கிறது. புது இனம் உருவாக அதில் நேரமில்லை. உள்ளே சிக்கிய சின்னக் கூட்டம் நலிவதற்கு மட்டும் நேரம் இருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து ஊட்டி மலைச்சரிவுகளின் பசுமையை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோலைக்கிளியைப் பார்த்தாலோ கேட்டாலோ, நிறத்தை எழுதும் முன் இடத்தை எழுதுங்கள். மேகமலையில் நின்று கேட்டால் அது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. களக்காடு முண்டந்துறை மலை மேலே கேட்டால் அசம்புச் சோலைக்கிளி. ஊட்டியில் என்றால் நீலகிரிச் சோலைக்கிளி. கைப்பேசியில் அரை நிமிடம் பாட்டைப் பதிவு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் பதிவை அங்கேயே திரும்ப ஓட்டி அதைக் கூப்பிட வேண்டாம். தன் எல்லைக்குள் வேறு ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்து அது சருகை விட்டு ஓடிவரும், அந்தி வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அது இரை தேடுகிற நேரம் அது.